1965-ல் மறைந்த எழுத்தாளரின் நூல்களை இப்போது மின்னூலாக்கலாமா?

ஈபப்_பித்து:
எழுத்தாளர் தமிழ்நாட்டுக்காரர். மறைந்தது 1965 மே. நூல்கள் நாட்டுடைமை ஆகவில்லை (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கவில்லை). கையில் இருப்பவை நான்கு: 1929-ல் வந்த சிறுகதைத் தொகுப்பு, 1938-ல் வந்த நாவல் (கிடைத்தது ஒரு பேராசிரியரின் முன்னுரையும் அருஞ்சொற்பொருளும் சேர்ந்த 1983 மறுபதிப்பு, முதல் பக்கத்தில் ‘உரிமை பதிப்பகத்தாருக்கே’ என்று இருக்கிறது), 1952-ல் வங்காளத்திலிருந்து செய்த மொழிபெயர்ப்பு, வாரிசுகள் 1971-ல் முதன்முதலாக அச்சிட்ட கடிதங்கள். ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை பதிப்புரிமை என்ற கணக்கு 2025 மே மாதமே முடிந்துவிட்டதா? எதையெல்லாம் ஈபப் (மின்னூல் கோப்பு) ஆக்கலாம், விக்கிமூலத்தில் (விக்கிமீடியாவின் இலவச நூல் தளம்) ஏற்றலாம்?

பிரிவு22:
மே மாதக் கணக்கு செல்லாது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22-ம் பிரிவுப்படி, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்துதான் 60 ஆண்டு எண்ண வேண்டும். 1965-ல் எந்த மாதம் இறந்திருந்தாலும் உரிமை 2025 டிசம்பர் 31 வரை உண்டு. 2026 ஜனவரி 1 முதல் பப்ளிக் டொமைன், அதாவது யாரும் வெளியிடலாம். பாரதிதாசன் 1964 ஏப்ரலில் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு இதே கணக்கில் 2025 ஜனவரி 1 வருகிறது (அவருடையவை அதற்கு வெகுமுன்பே நாட்டுடைமை ஆகிவிட்டன என்பது வேறு). ‘50 ஆண்டுதானே’ என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். அது தாகூர் நூல்களின் உரிமை முடிய இருந்த நேரத்தில் 60 ஆக்கப்பட்டுவிட்டது.

சிறுகதையும் நாவலும் தாராளமாகச் செய்யலாம். மறுபதிப்பில் போட்டிருக்கும் உரிமை வரிக்கு மூல வாசகத்தின் மேல் எந்தப் பிடியும் இல்லை. காலாவதியான உரிமை மறுபதிப்பால் உயிர் பெறாது. ஆனால் முன்னுரை, அருஞ்சொற்பொருள், அட்டைப்படம், உள்ளே உள்ள ஓவியங்கள் எல்லாம் அவரவர் சொத்து. அவரவர் இறந்த ஆண்டிலிருந்து தனித்தனிக் கணக்கு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: பேராசிரியர் மூலத்திலேயே கைவைத்துத் திருத்தியிருந்தால் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. அதனால் 1938 முதல் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் பட்டியலைப் பாருங்கள்.

மொழிபெயர்ப்புக்கு இரண்டு பூட்டு: தமிழாக்கியவர் உரிமை ஒன்று, மூல ஆசிரியர் உரிமை ஒன்று. தமிழாக்கத்தின் பூட்டு திறந்துவிட்டது. மூல ஆசிரியர் சரத்சந்திரர் (மறைவு 1938) என்றால் பிரச்சினையே இல்லை. தாராசங்கர் பந்தோபாத்யாய் (மறைவு 1971) என்றால் 2032 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

கடிதங்களைத் தொடாதீர்கள். ஆசிரியர் மறைந்த பிறகு முதன்முறை வெளியானவற்றுக்கு 24-ம் பிரிவுப்படி, வெளியான ஆண்டை வைத்துத்தான் கணக்கு. 1971-ல் வந்தது 2031 முடிய உரிமையில் இருக்கும்.

வெளியூர்_சர்வர்:
மேலே சொன்னது இந்தியாவுக்குள் சரி. விக்கிமீடியா சர்வர்கள் அமெரிக்காவில் இருப்பதால் அந்நாட்டுச் சட்டத்தையும் பார்ப்பார்கள். 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமையோடு இருந்த நூல்களுக்கு அமெரிக்கா தன் சட்டப்படியான பதிப்புரிமையைத் திரும்பக் கொடுத்தது. அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. ஆசிரியர் எப்போது இறந்தார் என்ற கேள்வியே இல்லை. 1929 தொகுப்பு 2025-லேயே அங்கும் விடுபட்டது; ஏற்றலாம். 1938 நாவல் 2033 கடைசி வரை சிக்கும். காமன்ஸில் (விக்கிமீடியாவின் கோப்புக் களஞ்சியம்) ஏற்றினால் நீக்கக் கோரிக்கை எப்போது வேண்டுமானாலும் வரலாம், உழைப்பு வீண். இந்தியாவில் இருக்கும் தளத்தில் வையுங்கள்.

இலங்கையில் வெளியிடும் எண்ணம் இருந்தால் அங்கே 70 ஆண்டு என்பதை மறக்காதீர்கள்.

கிண்டிலில் விற்கும் யோசனை உண்டென்றால்: பப்ளிக் டொமைன் நூலுக்கு 70 சதவீத ராயல்டி கிடையாது, 35 மட்டுமே. அதே நூல் அங்கே இலவசமாக இருந்தால், உங்கள் குறிப்புரையோ ஓவியங்களோ சேர்க்காமல் வெறும் வாசகத்தை ஏற்க மாட்டார்கள்.

ஈபப்_பித்து:
நன்றி. கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். மொழிபெயர்ப்பின் மூல ஆசிரியர் சரத்சந்திரர்தான், நல்லவேளை. 1929 புத்தகத்தை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) செய்தால் பாதி குப்பையாக வருகிறதே?

மெய்ப்பு_பார்ப்பவர்:
1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அப்படித்தான் வரும். ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கைக் கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் சுழித்து ஒரே எழுத்தாக இருக்கும். மொத்தம் 13. இன்றைய எழுத்துருக்களில் பழகிய ஓசிஆர் இவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால் தவறு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். முதல் பத்துப் பக்கத்தைக் கையால் திருத்தி, எது எதுவாக மாறுகிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு, மீதியை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். சரியான சொல்லும் சேர்ந்து கெடும்.

ஸ்கேன் 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுங்கள். வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மை மங்கிய இடத்தில் புள்ளி காணாமல் போகும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத தவறு இரண்டு. ஒன்று, காலும் (ா) ‘ர’வும் இடம் மாறுவது. இன்னொன்று ‘கௌரவம்’: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் விழுந்து ‘கெளரவம்’ என்று நிற்கும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தேடினால் கிடைக்காது, உரக்கப் படிக்கும் செயலி ‘கெ-ள-ர-வம்’ என்று வாசிக்கும். கடைசியாகக் கோப்பு முழுவதையும் யூனிகோட் என்எப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும் ‘கொ’க்கள் அப்போதுதான் ஒன்றாகும்.

எழுத்து வடிவத்தை மாற்றுவதில் தவறில்லை. ‘வெகு ஸௌக்யம்’ என்று அவர் எழுதியிருப்பதை ‘மிக்க நலம்’ ஆக்காதீர்கள்.

பிரிவு22:
அந்தக் கடைசி வரிக்குச் சட்டமும் துணை. ஆசிரியர் பெயரை மறைப்பதையும், பெயருக்கு இழுக்கு வரும்படி வாசகத்தைச் சிதைப்பதையும் வாரிசுகள் 57-ம் பிரிவில் கேள்வி கேட்கலாம். 60 ஆண்டு முடிந்ததால் அந்த உரிமை போய்விடாது. எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று முதல் பக்கத்திலேயே நாலு வரி போட்டுவிடுங்கள்.