ஒருவர் செய்தால் எல்லாரும் செய்ததாகத் தலைப்பா?

குன்னூர் வாசகி: நேற்று ஒரு மாலை நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘ஊட்டி பஸ் நிலையத்தில் திருநங்கைகள் அட்டகாசம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. உள்ளே படித்தால், சில்லறைத் தகராறில் ஒரே ஒரு திருநங்கை கடைக்காரருடன் வாய்ச்சண்டை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். சீசன் நேரத்தில் டாக்ஸிக்காரரும் டூரிஸ்டும் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்களே, அதற்கு ‘ஆண்கள் அட்டகாசம்’ என்று யாராவது போட்டதுண்டா?

கூடலூர் மணி: அக்கா, நடந்ததைத்தானே போட்டிருக்கிறார்கள். கோவை ரயிலில் காசு கேட்டு மிரட்டியதை நானே இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். மனசு புண்படும் என்று அதையெல்லாம் எழுதாமல் விட்டால் அப்புறம் பத்திரிகை எதற்கு?

கோத்தகிரி டீச்சர்: மணி தம்பி, எழுத வேண்டாம் என்று யார் சொன்னது? ஒருவர் செய்ததை ஒருவர் செய்ததாக எழுதட்டும். நம் பக்கத்து ஹட்டி என்கிற படுகர் ஊரிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் முக்கால்வாசிப் பேர் ஒரு திருநங்கையுடன் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியதில்லை, செய்தியில் வருவதுதான் அவர்களுக்குத் தெரிந்த திருநங்கை. 2014 சுதந்திர தினத்தன்று கோவை லோட்டஸ் சேனலில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்க வந்தார். முதல் நாள் முகத்தைச் சுளித்த என் மாமியார், பத்து நாள் கழித்து “அந்தப் பொண்ணு இன்னிக்கு வரலையா?” என்று கேட்டார். நான் எத்தனை வருஷம் பேசியிருந்தாலும் அவர் மனசு மாறியிருக்காது.

கூடலூர் மணி: சரி டீச்சர், அது நல்ல விஷயம்தான். ஆனால் திருநங்கை, தன்பால் ஈர்ப்பு உள்ளவர் எல்லாரையும் சேர்த்துப் ‘பால்புதுமையினர்’ என்றெல்லாம் எழுதினால் எங்கள் ஊர் டீக்கடையில் யாருக்குப் புரியும்?

குன்னூர் வாசகி: திருநங்கை என்ற சொல்லும் ஒரு காலத்தில் புதுசுதான். அதற்கு முன் என்னென்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. சொல் மட்டுமல்ல மணி, பார்வையும்தான். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் இன்றைக்கும் ‘விபரீதக் காதல்’ என்று போடுகிறார்கள். அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தீர்ப்பு எழுதினார். கண்ணியமான சொற்களின் பட்டியலை 2022இல் தமிழக அரசே அரசிதழில் வெளியிட்டது. ஒரு நீதிபதி உட்கார்ந்து கற்றுக்கொண்டதை, தலைப்பு எழுதுகிறவர் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படிக்கக் கூடாதா? அந்தத் தலைப்பைத்தானே அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் படிக்கிறார்கள்!

கோத்தகிரி டீச்சர்: படித்துவிட்டுத்தான் பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். துரத்தப்பட்ட பிள்ளைக்கு வேலை கொடுக்க ஆளில்லை. தம்பி, நீங்கள் ரயிலில் பார்த்தது அதற்கு அப்புறம் நடப்பது. அந்த முன்கதையை எந்த மாவட்டப் பக்கமும் எழுதுவதில்லை.

கூடலூர் மணி: மிரட்டிக் காசு கேட்பது தப்பு, அதில் நான் மாறவில்லை. ஆனால் ஒருவர் போட்ட சண்டைக்கு ‘திருநங்கைகள்’ என்று போட்டது பொய்தான், அதைப் படித்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் அந்த ஒரு விஷயத்துக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.