ஸ்க்விட் எழ மறுத்தபோது: அனுபவப் பகிர்வு (தலைப்புகள் பங்கேற்பாளர்களின் புனைபெயர்கள்)

கறுப்புத்திரை

இணையப் பக்கங்களை நமக்காக எடுத்துத் தரும் ப்ராக்ஸி நிரலான ஸ்க்விட்டின் கேஷ் (சேமிப்பு) கோப்புறையைப் புதிய வட்டுக்கு மாற்றிய நாள் அது. அமைப்புக் கோப்பில் கேஷின் இடத்தைச் சொல்லும் கேஷ்_டிர் வரியைத் திருத்தி, கோப்புறையின் உரிமையாளராக ஸ்க்விட் பயனரையே வைத்த பிறகும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை வழியாகச் சேவையைத் தொடங்கியதும் தோல்வி என்ற சிவப்பு வரிதான் வந்தது. ஸ்க்விட்டின் பதிவுக் கோப்பான கேஷ்.லாகில், ஸ்வாப் (கேஷ்) கோப்புறைகளுள் ஒன்றைச் சரிபார்க்க இயலவில்லை, தேவையானால் 'ஸ்க்விட் -இசட்' இயக்கவும் என்று இருந்தது. அதற்கு மேலே எண் 13, பெர்மிஷன் டினைட் (அனுமதி மறுக்கப்பட்டது). சொன்னபடி இயக்கினேன். 00 முதல் 0எஃப் வரை கோப்புறைகள் உருவாகும் வரிகள் ஒரு பிழையுமின்றித் திரையில் ஓடின. மீண்டும் சேவையைத் தொடங்கினால் அதே 13.

அடுத்து நடந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ரூட்டாக (முழு உரிமையுள்ள பயனராக) இருந்து முனையத்தில் நேரடியாக இயக்கியபோது அதே ஸ்க்விட் எழுந்து, 3128 போர்ட்டில் கோரிக்கைகளை ஏற்கத் தொடங்கிவிட்டது. நிரலும் அமைப்புக் கோப்பும் கோப்புறையும் மாறவில்லை; எழுப்பியவர் மட்டுமே மாறியிருந்தார். எஸ்இலினக்ஸ் என்ற லினக்ஸ் பாதுகாப்புக் காவல் கோப்புகளுக்கு இடும் முத்திரையைக் காட்டும் 'எல்எஸ் -இசட்' கொடுத்துப் பார்த்த பிறகே, ஸ்க்விட்_கேஷ்_டி இருக்க வேண்டிய இடத்தில் அன்லேபில்ட்_டி (முத்திரையில்லாதது) இருப்பது தெரிந்தது.

தனிவழி

இதற்கு இவ்வளவு நேரமா? எஸ்இலினக்ஸின் தடையைத் தளர்த்தும் 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று ஒரு வரி கொடுத்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். என்னை வாட்டியது ஸ்க்விட்டின் ஒரு பழைய பதிப்பு: இயந்திரத்தின் முழுப் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பெயர் இல்லாமல் பிறருக்கு ஒரு பக்கத்தை எடுத்துத் தர முடியாதா என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை. விசிபிள்_ஹோஸ்ட்நேம் என்று ஏதோ ஒன்றை எழுதி வைத்தேன், எழுந்தது.

மூலநிரல்

நண்பர் தனிவழி சொல்வதை ஏற்க இயலவில்லை. அந்தக் கட்டளையின் பலன் அடுத்த மறுதொடக்கம் வரைதான். அதன் பிறகு ஸ்க்விட் மறுபடியும் விழும், அப்போது பணியில் இருப்பவருக்குக் காரணமே தெரியாது. அதைவிட, ஒரு ப்ராக்ஸிக்காக இயந்திரம் முழுவதன் காவலையும் எடுத்துவிடுகிறீர்கள். சோதிப்பதற்குத்தான் வேண்டுமென்றால், 'செமேனேஜ் பெர்மிசிவ்' மூலம் ஸ்க்விட் இயங்கும் ஸ்க்விட்_டி என்ற ஒரு வட்டத்தை மட்டும் தளர்த்தலாமே.

நிலையான தீர்வுக்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கொண்டு புதிய பாதைக்கும் அதன் உள்ளே இருப்பவற்றுக்கும் ஸ்க்விட்_கேஷ்_டி என்று விதி எழுத வேண்டும். பிறகு 'ரெஸ்டோர்கான் -ஆர்வி' இயக்கி அந்த விதியைக் கோப்புகளின் மேல் பதிக்க வேண்டும். விதி எழுதாமல் முத்திரையை மட்டும் மாற்றும் 'சிஹெச்கான்' போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், யாரேனும் பின்னர் முத்திரைகளைப் புதுப்பிக்கும் அன்று பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். தடுத்தது எஸ்இலினக்ஸ்தானா என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. ஆடிட் பதிவில் ஏவிசி எனும் மறுப்பு வரிகளை 'ஏயூசர்ச்' மூலம் தேடினால், எந்தக் கோப்பில் எந்தச் செயல் மறுக்கப்பட்டது என்பது அப்படியே கிடைக்கும்.

என் அனுபவம் சிறியது. கன்டெய்னரில் (தனித்து ஒதுக்கிய இயங்குசூழலில்) ஓடிய ஸ்க்விட்டை வலுக்கட்டாயமாக நிறுத்தி, அதே கன்டெய்னரை மீண்டும் தொடங்கியபோது, ஸ்க்விட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி நின்றது. அது காட்டிய செயல்முறை எண் 8. பட்டியலில் 8 உண்மையாகவே இருந்தது, ஆனால் அது வேறொரு நிரல். கன்டெய்னருக்குள் எண்கள் ஒவ்வொரு முறையும் சிறியவற்றிலிருந்தே தொடங்குவதால், அழிக்கப்படாமல் கிடந்த பிஐடி (செயல்முறை எண்) கோப்பின் எண் இன்னொருவருக்குப் போயிருந்தது. கோப்பை நீக்கியதும் எழுந்தது.

இரவுக்காவல்

எனக்கு வாய்த்தது ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் அமைப்பு. ஸ்க்விட் எழும், சில நொடிகள் ஓடும், விழும். சேவைகளைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி மறுபடியும் எழுப்பும். இறுதியில் அதுவும் சலித்துப்போய், 'மிக விரைவாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்படுகிறது' என்று கைவிட்டுவிடும். பலரும் இந்தக் கடைசி வரியை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுகிறார்கள். அது விளைவே ஒழியக் காரணமன்று.

கேஷ்.லாகில் இருந்த வரியை மறக்க முடியாது: சான்றிதழ் உருவாக்கும் துணை நிரல்கள் மிக வேகமாகச் செத்து விழுகின்றன, 'நீட் ஹெல்ப்!'. ஆச்சரியக்குறியோடு என்னிடமே உதவி கேட்ட பிழைச்செய்தியை அன்றுதான் பார்த்தேன். ஸ்க்விட் 4 பதிப்பில் எஸ்எஸ்எல்_சிஆர்டிடி என்ற அந்தத் துணை நிரல் செக்யூரிட்டி_ஃபைல்_செர்ட்ஜென் என்று பெயர் மாறியதை நான் அறிந்திருந்தேன், பாதையையும் திருத்தியிருந்தேன். ஆனால் சான்றிதழ்த் தரவுக் கோப்புறையை ரூட் பயனர் உருவாக்கியிருந்ததால், ஸ்க்விட் பயனரால் அதில் ஓர் எழுத்தும் எழுத முடியவில்லை. துணை நிரலை ஸ்க்விட் பயனராகவே தனியே இயக்கிப் பார்த்தபோது, அது உடனே உண்மையைச் சொல்லிவிட்டது.

கறுப்புத்திரை

மூலநிரலுக்கு நன்றி. 'ஏற்கெனவே ஓடுகிறது' என்ற செய்தியைக் கன்டெய்னர் இல்லாமலும் நான் கண்டிருக்கிறேன். 'ஸ்க்விட் -இசட்' கட்டளை உடனே முனையத்தை நம்மிடம் திருப்பித் தந்துவிட்டு, பின்னணியில் கோப்புறைகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும். முதல் அடுக்கில் 16, ஒவ்வொன்றினுள்ளும் 256 என்ற இயல்பான அளவில் இரண்டாம் அடுக்கில் மட்டும் 4096 கோப்புறைகள். மெதுவான வட்டில் அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் சேவையைத் தொடங்கினால் இந்தச் செய்திதான் வரும். அதனால் இப்போது பின்னணிக்குப் போகாமல் தடுக்கும் '-என்' சேர்த்தே இயக்குகிறேன். வேலை முடிந்த பிறகுதான் முனையம் திரும்புகிறது.