வீவா காரின் நடுக்கம்: பழைய லயத்துக் குழுவில் ஒரு நாள்

குழு: பழைய லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டு) குடும்பங்கள், சுங்கை சிப்புட், மலேசியா

ஆசிரியை அக்கா, காலை 7:40
அனைவருக்கும் வணக்கம். நான் வாங்கியிருக்கும் பழைய பெரோடுவா வீவா 1.0 ஆட்டோ கியர் கார், சிவப்பு விளக்கில் 'டி' என்ற முன்னோக்கு கியரில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் நடுங்குகிறது. ஏர்கோனை (ஏசியை) போட்டால் நடுக்கம் இன்னும் கூடுகிறது. நேற்று ஒரு பட்டறையில் காட்டினேன். இயந்திரத்தை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும், டைமிங் பெல்ட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். பட்டறை மாமா ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி நடந்துகொள்வேன்.

லோரி அண்ணன், காலை 7:52
வீவா என்றால் நடுங்கத்தான் செய்யும் தங்கச்சி. மூன்று சிலிண்டரை வைத்துக்கொண்டு நான்கு சிலிண்டரின் அமைதியை எதிர்பார்க்கக் கூடாது.

பட்டறை மாமா, காலை 8:15
பணம் எதையும் இப்போது கொடுத்துவிடாதே அம்மா. வீவா 1.0-இல் இருப்பது டைஹட்சு வடிவமைத்த இ.ஜே.-வி.இ. இயந்திரம். அதில் டைமிங் பெல்ட்டே கிடையாது; வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது சங்கிலி. பழைய பெரோடுவா கஞ்சில் 850-இல்தான் பெல்ட் இருந்தது. இல்லாத பாகத்துக்கு விலை எழுதியவர் பானட்டைத் திறந்து பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பட்டறை மாமா, காலை 8:31
லோரித் தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு முறை சுற்றினால், அதாவது 720 பாகை திரும்பினால், மூன்று சிலிண்டரும் ஒவ்வொரு முறை எரிந்து முடிக்கும். ஆகவே 240 பாகைக்கு ஒரு முறை தள்ளு கிடைக்கிறது. ஆனால் ஒரு தள்ளு 180 பாகைக்கு மேல் நீடிக்காது என்பதால், இரண்டு தள்ளுகளுக்கு இடையில் தள்ளு இல்லாத இடைவெளி விழுந்துகொண்டே இருக்கும். மெதுவான ஓட்டத்தில் கை அறியும் இலேசான அதிர்வு இதுதான், அது நோயன்று. ஒரு சிலிண்டர் எரியாமல் போய்விட்டாலோ, ஒரு தள்ளுக்கும் அடுத்ததற்கும் இடையே 480 பாகை ஓடிவிடும். நான்கில் ஒன்று போவதும் மூன்றில் ஒன்று போவதும் ஒன்றாகாது. ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம் வருகிறது என்றால், மூன்று சிலிண்டரின் இயல்பு என்று சொல்லி விட்டுவிட முடியாது.

ஆசிரியை அக்கா, காலை 8:40
அப்படியானால் ஓவர்ஹால் தேவையில்லை என்று கொள்ளலாமா மாமா?

பட்டறை மாமா, காலை 8:58
தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்து பார்க்க வேண்டும், அளக்காமல் சொன்னவர் சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன். மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து, புகைக்குழாயில் நீலப் புகையும் இல்லையென்றால், பிரிக்க வேண்டிய காரணமே இல்லை. அதற்கு முன்பு செலவில்லாமல் பார்க்கக்கூடியவை மூன்று உண்டு.

பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'டி'க்கும் 'ஆர்' என்ற பின்னோக்கு கியருக்கும் மாற்றும்போது இயந்திரம் எவ்வளவு சாய்கிறது என்று பக்கத்தில் நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல். நிறையச் சாய்ந்தால் இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது என்று பொருள். பழைய வீவாக்களில் இது மிகச் சாதாரணம்.

அடுத்தது இயந்திரத்துக்குள் காற்று போகும் வாயிலான திராட்டில் பாடி. உள்ளே கரி படிந்தால், மெதுவான ஓட்டத்துக்கு வேண்டிய காற்று போதாமல் சுற்று கீழே இறங்கும். ஏர்கோன் கம்ப்ரெஸரின் சுமை ஏறியதும் இயந்திரம் திணறும். நம் பக்கத்துச் செம்மண் சாலையில் ஓடும் காருக்கு ஏர் பில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே வேளையில் பார்த்துவிடலாம்.

மூன்றாவதுதான் என் ஐயம் போகிற இடம். இந்த இயந்திரத்தில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் பொறிக்கு வேண்டிய மின்சாரம் தரும் காயில் தனித்தனியாக இருக்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு காயிலின் ஒயர் இணைப்பைக் கழற்று. பிறகு முடுக்கி, சில நொடிகள் மட்டும் ஓடவிட்டுப் பார். மூன்றையும் ஒவ்வொன்றாக இப்படிப் பார். எந்தக் காயிலைக் கழற்றும்போது நடுக்கம் மாறாமல் அப்படியே இருக்கிறதோ, அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டபின் கோளாறும் கூடவே நகர்ந்தால் குற்றம் காயிலுடையது; நகராமல் அங்கேயே நின்றால் பிளக், அதற்கடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கடைசியில்தான் வால்வும் பிஸ்டனும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும் என்பதால், நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம்.

ஈப்போத் தம்பி, காலை 9:20
மாமா, எங்கள் பாலிடெக்னிக்கில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் டி.வி.வி.டி. அமைப்பு கெட்டாலும் மெதுவான ஓட்டம் குலையும் என்று சொல்லித் தந்தார்கள். அது இங்கே பொருந்துமா?

பட்டறை மாமா, காலை 9:34
பொருந்தும் தம்பி, ஆனால் வரிசையில் அது பின்னால் வரும். உள்ளிழுக்கும் கேம்ஷாஃப்ட்டின் கோணத்தை மாற்றுவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைத் திறந்து மூடும் சிறிய வால்வு கசடேறிச் சிக்கிக்கொண்டால் நிற்கும்போது குலுங்கும், மேட்டில் இழுவை குறையும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றாதவர்களின் காரில்தான் இதை அதிகம் பார்க்கலாம். சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் எண்ணெய் அழுத்தத்தில் நிற்பதுதான். காலையில் முடுக்கியவுடன் கரகரவென்று சத்தம் வந்து சிறிது நேரத்தில் அடங்கினால், முதலில் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: நான்கு லிட்டர் புட்டியை வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் ஊற்றிவிடக் கூடாது. இது சின்ன இயந்திரம்; இரண்டு குறிகளுக்கு இடையில் நின்றால் போதும்.

லோரி அண்ணன், காலை 9:50
எல்லாம் சரி, ஆனால் தங்கச்சி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? அது இல்லாத கார் சூடேறி நான் பார்த்ததில்லை.

பட்டறை மாமா, காலை 10:12
இந்தப் பழக்கத்தோடு எனக்குப் பல காலமாகச் சண்டை. தெர்மோஸ்டாட் இருப்பது இயந்திரத்தைக் குளிரவைக்க அன்று. சீக்கிரமாகச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து அதே சூட்டில் நிறுத்திவைக்கத்தான். கழற்றிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும்; இயந்திரம் இன்னும் சூடாகவில்லை என்று வெப்ப உணரி சொல்வதை நம்பி, கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் குறைந்த தூரம் ஓடுகிற காருக்கு இது இன்னும் கேடு, ஏனென்றால் எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லை. லோரித் தம்பி பார்த்த கார்கள் சூடேறாமல் இருந்திருக்கலாம். அவை குடித்த பெட்ரோலை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

சூடேறுவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ரேடியேட்டரின் மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக் தொட்டி வயதானால் வெடிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. விசிறியின் மோட்டார் நின்றுபோனால் ஓடும்போது ஒன்றும் தெரியாமல், ஈப்போ நெரிசலில் நிற்கும்போது வெப்பம் காட்டும் முள் ஏறும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே துருப்பிடிக்க விட்டவர்களும் நிறைய. சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வளைந்து, இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை விட்டுவிடும். உண்மையான ஓவர்ஹால் செலவு வருவது அந்த வழியாகத்தான். முள் ஏறினால் உடனே ஓரமாக நிறுத்திவிடு. சூட்டோடு மூடியைத் திறக்காதே.

லோரி அண்ணன், காலை 10:20
என் காரில் நான் போடப்போவதில்லை மாமா. ஆனால் தங்கச்சி உங்கள் சொல்லைக் கேட்கட்டும்.

பெரியம்மா, காலை 10:33
எங்கள் கஞ்சில் காலையில் ஒரே முடுக்கில் எழுந்திருப்பதில்லை. அதற்கும் காயில்தானா?

பட்டறை மாமா, காலை 10:41
உங்களுடையது கார்புரேட்டர் வண்டி அண்ணி. அது வேறு குடும்பம், காயிலும் ஒன்றே ஒன்றுதான். சோக், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டு வையுங்கள். அங்கே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு.

ஆசிரியை அக்கா, மாலை 3:25
மாமா, தம்பியின் உதவியோடு நீங்கள் சொன்னபடியே பார்த்தோம். 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றும்போது இயந்திரம் கொஞ்சம்தான் சாய்கிறது. முதல் காயிலையும் மூன்றாவதையும் கழற்றியபோது கார் அணைந்துவிடும் போல ஆயிற்று. நடுவில் உள்ளதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அதை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டதும் கோளாறு அங்கே வந்துவிட்டது. நடுக் காயிலை வெளியே எடுத்தபோது அதன் ரப்பர் முழுவதும் எண்ணெயாக இருந்தது. பிளக் உட்காரும் குழிக்குள்ளும் எண்ணெய் தேங்கி நிற்கிறது.

ஈப்போத் தம்பி, மாலை 3:31
அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறதா?

பட்டறை மாமா, மாலை 3:44
இல்லை தம்பி. ரிங் தேய்ந்தால் எண்ணெய் சிலிண்டருக்கு உள்ளே எரிந்து, பிளக்கின் முனையில் கரியாகப் படியும். குழியில் நிற்பது வெளியிலிருந்து வந்த எண்ணெய். வால்வு கவரின் அடியில் பிளக் குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் சூட்டில் இறுகிப்போய்க் கசியவிடுகிறது. அந்த எண்ணெயில் ஊறிய காயிலின் ரப்பர் உப்பி, மின்பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் இதே போல் கெட்டுவிடும் என்பதால், ஒரு காயில், மூன்று பிளக், வால்வு கவர் கேஸ்கட், குழாய் வளையங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிடு. பிளக்கைக் கழற்றும் முன்பு குழியில் உள்ள எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் இறங்கும். பிளக் கழன்றிருக்கும் அந்த நேரத்திலேயே கம்ப்ரெஷனையும் அளந்துவிடலாம், மனத்தில் ஐயம் இருக்காது.

ஆசிரியை அக்கா, மாலை 3:52
ஈப்போவில் உதிரிப்பாகக் கடையில் வாங்கி வருகிறேன் மாமா. இனிமேல் ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் இயந்திரத்துக்கு நல்லது என்று அந்தப் பட்டறையில் சொன்னார்கள். ஊற்றட்டுமா?

பட்டறை மாமா, மாலை 3:57
இந்த இயந்திரத்துக்கு ரோன் 95 போதும்; மிச்சமாகும் காசில் தரமான கூலண்ட் வாங்கிக்கொள். வால்வு கவரைச் சூட்டோடு கழற்ற முடியாது. ஆகவே நாளை பள்ளி முடிந்து காரை என் வீட்டில் விட்டுவிட்டுப் போ. ஆறியபின் மாலை ஐந்து மணிக்கு மேல் பிரிக்கலாம். கம்ப்ரெஷன் அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது.