பரண் சாமானுக்கு ஷீட்டு போதுமாம்ல, அப்ப 3-12க்கு பதில் சொல்லுங்க

பரண்வாசி:
நேத்து திருநகர் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, சோழவந்தான்ல பாட்டி வீட்டக் காலி பண்ணி நூத்தம்பது அட்டப்பெட்டி வந்து எறங்கிருக்கு, பாத்திரம், புத்தகம், பழைய ஃபேன் மோட்டாருன்னு பூராம் கலந்து கெடக்கு, எந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு பதிஞ்சு வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு. அதுக்கு நம்ம கீழமாசி கணக்கண்ணே போட்ட பதில்: "எக்செல்ல ஒரு ஷீட்டு போதும், இதுக்குன்னு தனியா சாஃப்ட்வேர் தேடுறவன் வேலவெட்டி இல்லாதவன்." சரிண்ணே, நான் வேலவெட்டி இல்லாதவன்தான். மொத வருசம் நானும் ஷீட்டுலதான் ஆரம்பிச்சேன். மூணாவது பரண், பன்னெண்டாவது பெட்டி, 3-12ன்னு அடிச்சா டிசம்பர் 3ங்குது. சரி டெக்ஸ்ட்டுக்கு மாத்துவோம்னு மாத்தினா 45629ங்குது. 45629 பெட்டி அடுக்கி வைக்க நான் என்ன திருமலை நாயக்கர் மகாலயா வாடகைக்கு எடுத்திருக்கேன்?

கீழமாசி_கணக்கு:
தம்பி, நீங்க அடிச்சுட்டு மாத்தினீங்க. மாத்திட்டு அடிக்கணும். அந்த நெட்டு வரிசைய மொதல்ல டெக்ஸ்ட்டுன்னு ஃபார்மட் பண்ணணும், இல்லன்னா முன்னாடி ஒரு சிங்கிள் கோட் (') போட்டு அடிக்கணும். 45629ங்கிறது 1900லேருந்து எண்ணி வந்த நாள் கணக்கு, 2024 டிசம்பர் 3. மிஷின் சரியாத்தான் சொல்லிருக்கு. கடையில முப்பது வருசமா கணக்கு எழுதுறேன், எனக்கு ஒரு பெட்டியும் தேதியா மாறல.

பரண்வாசி:
நான் பெட்டி நம்பர் அடிச்சேன், அது தேதின்னு முடிவு பண்ணிருச்சு, தப்பு என்மேல. நல்லாருக்குண்ணே நியாயம்.

வைகைக்கரை:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் லைப்ரரியில வேல பாக்குறவ, அதனால சொல்றேன். சாஃப்ட்வேரா ஷீட்டாங்கிறதுக்கு முன்னாடி, ஒரு "சாமான்"னா என்னன்னு முடிவு பண்ணணும். இட்லிக் கொப்பரை இருக்கு, உள்ள தட்டு நாலு, மேல மூடி ஒண்ணு. இது ஒரு சாமானா, ஆறா? ஆறுன்னா ஆறு வரி, ஒண்ணுன்னா தட்டு தொலஞ்சா எப்படித் தெரியும்? இதச் சொல்லாம எதுல ஏத்தினாலும் வீண்.

மேலூர்_மாப்ள:
ஷீட்டுன்னா எந்த ஷீட்டு? மொட்டமாடியில போட்டிருக்கோமே அதுவா 😀

கீழமாசி_கணக்கு:
சிங்கிள் கோட் போட்டா தேதியா மாறாது. இத சொன்னா ஏன் கோவம் வருதுன்னு தெரியல.

பரண்வாசி:
கோவம் இல்லண்ணே, வருத்தம். நூத்தம்பது பெட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஞாபகமா கோட் போடணும், வீட்டுல அம்மா அடிச்சாலும் போடணும், மச்சினன் ஃபோன்ல அடிச்சாலும் போடணும். மரபணு ஆராய்ச்சி பண்றவங்களே இதுல தோத்துட்டாங்க தெரியுமா? மார்ச்1ன்னு ஒரு மரபணுவுக்குப் பேரு, எக்செல் அத மார்ச் 1ந்தேதின்னு மாத்திக்கிட்டே இருந்துச்சு, கடைசியில 2020ல மரபணுக்கு பேரு வைக்கிற கமிட்டி அந்த மாதிரி பேருகளையே மாத்திருச்சு. படிச்ச விஞ்ஞானி கோட் போட மறக்குறான், எங்க மச்சினன் போடுவானா?

கீழமாசி_கணக்கு:
தானா தேதியா மாத்துறத அணைச்சு வைக்க 2023லயே எக்செல்ல வசதி குடுத்தாச்சு. அப்டேட்டா இருங்க தம்பி.

பரண்வாசி:
அண்ணே அந்த வசதி எழுத்தும் நம்பரும் ஒட்டி வந்தா தேதியா மாத்தாம இருக்கத்தான். 3-12ல எழுத்து எங்க இருக்கு? செய்திய முழுசாப் படிச்சுட்டு வாங்க. இன்னொண்ணும் சொல்றேன், அதே 2020ல இங்கிலாந்துல கொரோனா கேஸ் 15,841 கணக்குல வராமப் போச்சு, ஏன்னா பழைய எக்செல் ஃபைலுல 65,536 வரிக்கு மேல ஏறாது.

கீழமாசி_கணக்கு:
எங்க வீட்டுல மொத்தமே 1,140 வரி. இங்கிலாந்துல எத்தன அண்டா இருக்குன்னு நான் கேக்கல.

திருநகர்_தம்பி:
அண்ணே, கேள்வி கேட்டது நான்தான். அப்ப எத போடுறது? ஞாயித்துக்கெழம பெட்டியெல்லாம் பிரிக்கணும்.

பரண்வாசி:
தம்பி, ஹோம்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ், காசு கெடையாது. பழைய லேப்டாப் ஒண்ணுல போட்டு வச்சா வீட்டு வைஃபைல எல்லார் ஃபோன்லயும் வரும். வீடு, அதுக்குள்ள பரண், அதுக்குள்ள பெட்டின்னு அடுக்கடுக்கா எடம் போட்டுக்கலாம், போட்டோ, பில்லு எல்லாம் ஏத்தலாம், பெட்டிக்கு கியூஆர் ஒட்டினா ஏணியில நின்னுக்கிட்டே ஸ்கேன் பண்ணி உள்ள என்ன இருக்குன்னு பாத்துறலாம். டேப்பப் பிரிக்கவே வேணாம். போன தீபாவளிக்கு முறுக்கு அச்சு எங்கன்னு அம்மா கேட்டாங்க, அடிச்ச ஒடனே ரெண்டாம் பரண் ஏழாம் பெட்டின்னு வந்துச்சு, போட்டோவுல அச்சோட பித்தள வில்ல அஞ்சும் தெரியுது, நட்சத்திர வில்லையில ஒரு மொன உடஞ்சது வரைக்கும் தெரியுது. இத ஷீட்டுல காட்டுங்க பாப்போம்.

கீழமாசி_கணக்கு:
அந்த ஹோம்பாக்ஸ எழுதினவரு 2024ல கடையச் சாத்திட்டுப் போயிட்டாருன்னு ஏன் தம்பிகிட்ட சொல்லல? லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போனா மகால் பூராவும் போச்சு.

பரண்வாசி:
ஆரம்பிச்சவரு நிறுத்துனாரு, வேற ஆளுங்க எடுத்து நடத்துறாங்க, ஓப்பன் சோர்ஸுன்னா அதான். உள்ள இருக்கது எஸ்கியூலைட், அதாவது பூரா விவரமும் அடங்குன டேட்டாபேஸ் ஃபைல், காப்பி எடுத்து பென்டிரைவ்ல போட்டா முடிஞ்சது, சிஎஸ்வியாவும், அதான் கமா போட்டுப் பிரிச்ச சாதா ஃபைலாவும் எறக்கிக்கலாம்.

கீழமாசி_கணக்கு:
எறக்கி எதுல தொறப்பீங்க? ஷீட்டுலதான?

மேலூர்_மாப்ள:
அடி சக்க

பரண்வாசி:
தொறந்தா 3-12 திரும்ப டிசம்பர் 3 ஆயிரும், அதத்தான் மொதல்லேருந்து தொண்ட கிழியச் சொல்லிக்கிட்டிருக்கேன்!

வைகைக்கரை:
இட்லிக் கொப்பரைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. தம்பி, புத்தகத்த மட்டும் தனியாப் பிரிச்சுருங்க. எல்லா ஆப்பும் புத்தக அட்டையில இருக்க ஐஎஸ்பிஎன் நம்பர ஸ்கேன் பண்ணு, தானா வந்துரும்னு ஆச காட்டும். 1970க்கு முன்னாடி ஐஎஸ்பிஎன்னே கெடையாது, அதுக்கப்புறம் வந்த நம்ம தமிழ்ப் புத்தகம் நெறயாவுலயும் இருக்காது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருசம்னு கையாலதான் அடிக்கணும். ஆயிரக்கணக்குல இருந்தா கோஹா பாருங்க, லைப்ரரிக்குன்னே 2000த்துல நியூசிலாந்துல வந்தது, மாவோரி மொழியில கோஹான்னா அன்பளிப்பு, நம்ம மொய் மாதிரின்னு வச்சுக்கங்களேன். ஆனா நூத்தம்பது பெட்டிக்கு அது ரொம்பப் பெருசு.

கீழமாசி_கணக்கு:
மொய்ன்னதும் ஞாபகம் வருது. உசிலம்பட்டிப் பக்கம் விசேஷ வீட்டுல கம்ப்யூட்டர் வச்சு, பேரு ஊரு தொகை அடிச்சு, ரசீதே குடுத்துர்றாங்க. அங்க ஒரு ரூபா தேதியா மாறிருச்சுன்னு யாரும் அழுது நான் பாத்ததில்ல. பரண்வாசி வீட்டுக் காதுகுத்துக்கு நான் செஞ்சது அவரு சாஃப்ட்வேர்ல இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

பரண்வாசி:
இதான், பேச வழியில்லன்னா மொய்க்கு வந்துருவீங்க. உங்க பழைய லிஸ்ட்ட நீங்களே ஒரு தடவ எனக்கு அனுப்புனீங்கள்ல, இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் உருவத்த ஏத்துன பழைய பாமினி ஃபான்ட்டுல அடிச்சது, ஃபோன்ல தொறந்தா பூராம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொசகொசன்னு கெடந்துச்சு. எல்லா மிஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியிற யூனிகோட் வந்து எத்தன வருசமாச்சு? அதுல "குத்துவிளக்கு"ன்னு தேடினா குத்துவிளக்கு வருமா? தேட முடியாத லிஸ்ட்டுக்கு எதுக்குண்ணே கம்ப்யூட்டரு, மளிகக்கட பேரேடே போதுமே.

கீழமாசி_கணக்கு:
பேரேடு போதும்தான். அதுவும் 3-12ன்னு எழுதினா 3-12ன்னுதான் இருக்கும்.

பரண்வாசி:
அப்ப ஷீட்டு மாத்துதுன்னு ஒத்துக்கிறீங்க!

கீழமாசி_கணக்கு:
நான் ஒத்துக்கல. டெக்ஸ்ட் ஃபார்மட் பண்ணத் தெரியாதவங்களுக்கு பேரேடு போதும்னேன்.

திருநகர்_தம்பி:
பெட்டிக்கு லேபிள் எப்படிண்ணே ஒட்டுறது? அதையாவது சொல்லுங்க.

வைகைக்கரை:
சூட்டுல அச்சாகுற தெர்மல் லேபிள் வேணாம் தம்பி. மொட்டமாடி ஷீட்டுக்குக் கீழ சித்திர வெயிலுக்கு சில லேபிள் கருத்துப் போகும், சிலது வெளுத்துப் போகும், கியூஆரு ஸ்கேன் ஆகாது. லேசர்ல பிரிண்ட் எடுத்து மேல செல்லோடேப் ஒட்டுங்க, பக்கத்துலயே மார்க்கர்ல நம்பரையும் எழுதுங்க. மேல எழுதாதீங்க, அடுக்கினா மறஞ்சுரும், ரெண்டு பக்கவாட்டுலயும் எழுதுங்க.

கீழமாசி_கணக்கு:
லேபிள் பிரிண்டர்ன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் "ரெண்டு நாள்ல தர்றேண்ணே"ன்னு என் பிரிண்டர வாங்கிட்டுப் போனாரு. எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. ரோல் காலி. அடாப்டர் வரல.

பரண்வாசி:
அண்ணே இது பொது எடம். ரோலுக்கு காசு தர்றேன்னப்ப வேணாம்ன்னது நீங்க. அடாப்டர் எங்க வீட்டுலதான் பத்திரமா இருக்கு, இந்த வாரம் தேடிக் கொண்டாந்து தர்றேன்.

கீழமாசி_கணக்கு:
தேடியா?

மேலூர்_மாப்ள:
ஏணியில நின்னு ஸ்கேன் பண்ணுங்கண்ணே 🤣

பரண்வாசி:
அது நான் ஹோம்பாக்ஸ் போடுறதுக்கு முந்தின சாமான், ஷீட்டுல இருந்த காலத்துது! அதான் பிரச்சனையே, அந்தப் பெட்டி நம்பரு டிசம்பர் 3ன்னு ஆகிப்போச்சு, 3-12ஆ 12-3ஆன்னு எனக்கே கொழப்பம், பன்னெண்டாம் பரணே எங்க வீட்டுல கெடையாது, அப்ப 3-12தான், ஆனா மூணாம் பரண்ல பன்னெண்டாம் பெட்டியத் தொறந்தா கொலு பொம்மதான் இருக்கு, இதுக்கெல்லாம் யாரு காரணம்ங்கிறீங்க?

கீழமாசி_கணக்கு:
சிங்கிள் கோட் போடாதவரு.

வைகைக்கரை:
கொலு பொம்ம செட்டு ஒரு சாமானா, பொம்மைக்கு ஒண்ணா?