டாக்ஸோடியேசி குடும்பம் எங்க போச்சு?

கேள்வி:
கூம்பு காய்க்கிற மரங்கள்ல, பழைய தாவரவியல் புக்ல செக்வோயா, டாக்ஸோடியம், கிரிப்டோமேரியா எல்லாம் டாக்ஸோடியேசினு ஒரு குடும்பம், சைப்ரஸும் ஜூனிப்பரும் குப்ரஸ்ஸேசினு வேற குடும்பம். புது புக்ல எல்லாத்தையும் குப்ரஸ்ஸேசிலயே சேர்த்துட்டாங்க. இலையப் பாத்தா சம்பந்தமே இல்லயே, எத வெச்சு சேர்த்தாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
டாக்ஸோடியேசிங்கிறது தனிக் கிளையே (ஒரு மூதாதையும் அதோட எல்லா வாரிசும் சேர்ந்த கூட்டம்) இல்லங்க. இலை தண்டச் சுத்தி சுருளா அமைஞ்சா டாக்ஸோடியேசி, எதிரெதிராவோ வட்டமாவோ இருந்தா குப்ரஸ்ஸேசி, இதான் பழைய கணக்கு. 1976லயே எக்கன்வால்டர்னு ஒருத்தர் ரெண்டையும் சேர்த்துடலாம்னு எழுதிட்டாரு, 1990கள்ல டிஎன்ஏவ ஒப்பிட்டுப் பாத்தப்போ அவர் சொன்னதுதான் சரினு ஆச்சு. டாக்ஸோடியத்துக்கு நெருங்கின சொந்தம் செக்வோயா இல்ல, சைப்ரஸ் கூட்டம்தான்! ஒரு பெரியவரோட வம்சத்துல ஒரே ஒரு பேரனோட பிள்ளைங்கள மட்டும் வேற குடும்பம்னு எழுதி வெச்சா எப்படி, அப்படித்தான் இருந்துச்சு அந்தப் பழைய பிரிவு. முதல்ல பிரிஞ்சு போனது கன்னிங்ஹாமியா, அப்புறம் தைவானியா, அத்ரோடாக்ஸிஸ், செக்வோயா கூட்டம், அதுக்கப்புறம்தான் டாக்ஸோடியமும் சைப்ரஸும்.

பதில் 2:
இலைய வெச்சு சம்பந்தம் இல்லனு முடிவு பண்ணாதீங்க. சைப்ரஸ் விதைய முளைக்க வெச்சா முதல்ல வர்றது மெல்லிசா ஊசி மாதிரி இலைதான், தண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கிற செதில் இலை பின்னாடிதான் வரும். கூம்பையும் கைல எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு செதில் நடுவுலயும் குட்டி முள்ளு மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், அது பிராக்டோட (விதையத் தாங்குற செதிலுக்கு அடியில இருக்கிற சின்ன இலை) நுனி. பைன் கூம்புல பிராக்ட் தனியா, விதைச்செதில் தனியா இருக்கும், சைப்ரஸ்ல ரெண்டும் ஒண்ணா ஒட்டிப்போச்சு. கிரிப்டோமேரியாலயும் அதே ஒட்டல்தான், ஆனா விதைச்செதில் மட்டும் பல்லு பல்லா மேல துருத்திட்டு இருக்கும். ரெண்டும் ஒட்டினது அதுல கண்ணுக்கே தெரியுது, அதனால எனக்கு டிஎன்ஏவ விட இந்தப் பல்லுதான் பெரிய சாட்சி.

பதில் 3:
மெட்டாசெக்வோயாவ விட்டுட்டீங்களே. 1941ல மிக்கிங்கிற ஜப்பான்காரர் புதைபடிவத்த வெச்சுதான் அதுக்குப் பேரே வெச்சாரு, அழிஞ்சுபோன மரம்னு நினைச்சிட்டு இருந்தப்போ சீனாவுல உயிரோட கிடைச்சு 1948ல முறைப்படி விவரிச்சாங்க. செக்வோயாவோட நெருங்கின சொந்தம், ஆனா இலை எதிரெதிரா இருக்கும், அந்த சுருள் கணக்கு அங்கயே அடிவாங்கிருச்சு.

இன்னொண்ணு, பழைய டாக்ஸோடியேசி முழுசா இங்க வந்துடல. ஜப்பான்ல இருக்கிற சியாடோபிட்டிஸ் மட்டும் தனிக் குடும்பமா போயிருச்சு, அதுல இப்ப உயிரோட இருக்கிறது அந்த ஒரே இனம்தான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கூம்ப இத்தன நாள் வெளியில மட்டும்தான் பாத்திருக்கேன், இன்னைக்கே ஒண்ண எடுத்து அந்த முள்ளத் தேடுறேன்.