பழம்பெரும் ஹோட்டல் வரிசையில் நம்ம சத்திரத்துக்கு இடம் உண்டா?

பாளை வாத்தியார் | ஞாயிறு காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். வரும் தை மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைகிறது. மகன் பணம் அனுப்பி, "காசி, ராமேஸ்வரம் எல்லாம் அப்புறம் போகலாம்பா, ஒரு தடவையாவது நல்ல ஹோட்டல்ல தங்குங்க" என்கிறான். ரிட்டையர் ஆன வரலாற்று வாத்தியாருக்கு வெறும் நல்ல ஹோட்டல் போதுமா? நாட்டிலேயே பெயர் பெற்ற பழைய ஹோட்டல்களாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

சென்னையில் கன்னிமாரா. 1854இல் இம்பீரியல் என்று தொடங்கி, ஆல்பனி ஆகி, 1890இல் கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயர் ஏறியது (எழும்பூர் நூலகமும் அவர் பெயர்தான்). மும்பையில் தாஜ்மகால், 1903 டிசம்பர். கல்கத்தாவில் கிரேட் ஈஸ்டர்ன். 1840களின் தொடக்கத்தில் டேவிட் வில்சன் என்ற ரொட்டிக்கடைக்காரர் ஆரம்பித்தது. உதய்ப்பூரில் ஏரி நடுவே நிற்கும் லேக் பேலஸ். டெல்லியில் அசோகா, 1956இல் யுனெஸ்கோ மாநாட்டுக்காக நேரு கட்ட வைத்தது.

எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? நம்ம நெல்லைச் சீமையில் இந்த வரிசையில் சேர்க்க ஒன்றும் தேறவில்லை.

சந்நிதித் தெரு | 8.15

அண்ணாச்சி, கடைசி வரியைப் படித்ததும் கையிலிருந்த காப்பி ஆறிப்போச்சு. வெள்ளைக்காரன் கட்டிலும் மெத்தையும் போட்டுக் காசு வாங்கினால் வரலாறு, நம்ம ஆள் காசே வாங்காமல் சோறு போட்டால் வரலாறு இல்லையா?

தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா 1801இல் ரெசிடெண்டுக்கு, அதாவது அங்கே இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு, ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களைத் தன் பொறுப்பிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்று கேட்கும் கடிதம். அதில் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். எந்தச் சாதி வழிப்போக்கன் வந்தாலும் சோறு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள்; வழியில் தாமதப்பட்டு அதுவரை சாப்பிடாதவர்கள் வந்து சாப்பிடலாம். குழந்தைகளுக்குப் பால். வந்த இடத்தில் பிரசவம் ஆனால் கவனிப்பு. பள்ளிக்கூட வாத்தியார், வைத்தியர், விஷக்கடி பார்க்கிறவர் எல்லோரும் சத்திரத்திலேயே சம்பளத்துக்கு இருந்தார்கள். அடுத்த வருடமே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். உங்கள் கன்னிமாரா முளைக்க அப்புறம் ஐம்பது வருடம் இருக்கிறது.

தாஜில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மணி அடித்துச் சோறு போடுவானா?

ஜங்ஷன் லாட்ஜ் | 9.02

முப்பது வருடமாக லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் வார்த்தையைச் சரிசெய்யுங்கள். நம்ம ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாடு. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் என்னிடம் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு, "இங்க ஹோட்டல் எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார். அவருக்கு வேண்டியது நாலு இட்லி. படுக்க லாட்ஜ், தின்ன ஹோட்டல்.

மத்திய சுற்றுலாத் துறை 'பாரம்பரிய ஹோட்டல்' என்று ஒரு வகை வைத்திருக்கிறது. அரண்மனை, கோட்டை, பெரிய வீடு, வேட்டை மாளிகை எதுவானாலும் 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும், ஐந்து அறையாவது வேண்டும். அவர்கள் பார்ப்பது கட்டிடத்தின் வயதை, ஹோட்டலின் வயதை இல்லை. அதை நம்பாமல், வாத்தியார் சார், லேக் பேலஸை எடுத்துவிடுங்கள். அது பழைய அரண்மனை, ஹோட்டலாக ஆனது 1963இல்தான். வருமானம் குறைந்த ராஜா வாடகைக்கு விட்ட வீடு. வீடு பழசு, ஹோட்டல் பழசு இல்லை.

தாஜை விட்டுவிடாதீர்கள். மும்பை வாட்சன் ஹோட்டலில் அவரை இந்தியன் என்று சொல்லி உள்ளே விடவில்லை. அந்த வைராக்கியத்தில் ஜாம்ஷெட்ஜி டாடா கட்டியது.

தாராவித் தம்பி | 10.30

லாட்ஜ் அண்ணாச்சி, அந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. முன்பக்கத்தைப் பின்பக்கமாகக் கட்டிவிட்டார்கள், அதைப் பார்த்து எஞ்சினியர் உயிரை விட்டார் என்று ஒரு வாட்ஸ்அப் கதையும் சுற்றுகிறது. அதுவும் பொய். அந்தக் காலத்தில் வாசல் ஊர்ப் பக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்தது. அம்மா விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுப்பார், நாங்கள் தூக்கிக்கொண்டு போய் விற்போம். தாஜ் வாசலைத் தாண்டி நூறு தடவை போயிருக்கிறேன், உள்ளே ஒரு தடவையும் போனதில்லை. ஆனாலும் அந்தக் கட்டிடத்தின் மேல் ஒரு பாசம். எல்லோரும் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்தில் தாஜ் என்கிறார்கள். கேட்வே திறந்ததே 1924இல். கப்பலில் வந்தவன் இருபது வருடம் தாஜைத்தான் முதலில் பார்த்தான். முதல் உலகப்போரில் அதை 600 படுக்கை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். 2008இல் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் யாரும் டிவியை அணைக்கவில்லை.

ஆனால் வாத்தியார் சார் பட்டியலில் இருக்க வேண்டியது வாட்சன். 1860களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புச் சட்டங்களாகக் கொண்டுவந்து இங்கே கோத்துக் கட்டியது. 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் சினிமாப் படங்களை இந்தியாவில் முதன்முதலாகக் காட்டியது அங்கேதான். இப்போது எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயர், சிதிலமாகிக் கிடக்கிறது. காசு கொடுத்தாலும் தங்க முடியாது. சும்மா போய் நின்று பாருங்கள்.

சிந்துபூந்துறைக்காரி | 11.48

சந்நிதித் தெரு அண்ணன் சொன்ன நள்ளிரவு மணி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். மணி அடித்ததும் யார் உள் பந்தியில் உட்கார்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள்?

என் தாத்தா மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றிப் போனவர். ஒரு சத்திரத்தில் (பெயர் வேண்டாம், இன்றும் இருக்கிறது) அவருக்குக் கொல்லைப்புறம் வந்து இலையை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். சோறு கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. மழையானாலும் அந்தக் கொல்லைதான்.

தஞ்சாவூர் எதற்கு? நம்ம சேரன்மாதேவியைப் பாருங்கள். வ.வே.சு. ஐயர் லண்டன் வரை போய் வந்தவர், தேசத்துக்காக எல்லாவற்றையும் விட்டவர். அவர் நடத்திய குருகுலத்திலேயே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு. 1924, 25இல் அது ஊரெல்லாம் வெடித்தது. அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். 1925 நவம்பரில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதில் அந்தப் பந்திக்கும் பங்கு உண்டு. நல்ல மனிதர் நடத்திய இடமே இப்படி.

ஹோட்டல் எனக்குப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். காசை வைத்தால் மேஜை. தர்மம் பண்ணுகிறவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

சந்நிதித் தெரு | 12.20

தங்கச்சி, தாத்தாவுக்கு நடந்தது அநியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஹோட்டலை இப்படித் தூக்கி வைக்காதே. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே போர்டில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்ததை அழிக்கச் சொல்லி 1957இல் பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். அதுவும் காசு வாங்கிய ஹோட்டல்தான். சுதந்திரம் வந்து பத்து வருடம் கழித்து!

சிந்துபூந்துறைக்காரி | 12.41

வாசலில் நின்று மறியல் செய்ய முடிந்ததல்லவா, அதைத்தான் சொல்கிறேன். காசு வாங்குகிறவனிடம் 'ஏன்' என்று கேட்கலாம். இலவசமாகப் போடுகிறவனிடம் யார் கேட்பது? அரசியல் சட்டத்தின் 15வது பிரிவில் கடை, உணவகம், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தார்கள். அதில் சத்திரம் என்ற பேச்சு இல்லை.

சந்நிதித் தெரு | 1.05

1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் தர்மசாலை, சராய், முசாபர்கானா மூன்றும் இருக்கின்றன, எல்லாமே நம்ம சத்திரம் மாதிரி வழிப்போக்கர் தங்கும் இடங்கள்தான். நானும் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன்தான்.

சிந்துபூந்துறைக்காரி | 1.09

பூட்டின கதவுக்குத்தானே அண்ணா சாவி செய்வார்கள்.

ஜங்ஷன் லாட்ஜ் | 1.30

ஹா ஹா. குமாஸ்தா அண்ணாச்சி இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரிதான்.

சந்நிதித் தெரு | மாலை 4.10

சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்தாச்சு வே.

தங்கச்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், பாதி. மீதிப் பாதி இது: காசு இருக்கிறவனுக்குக் கதவு திறக்கிறது என்பது சாதியை எடுத்துவிட்டுக் கல்லாப்பெட்டியை வைத்த கதை. தாராவித் தம்பி நூறு தடவை தாஜ் வாசலைத் தாண்டிப் போனாரே, உள்ளே போகாததற்கு எது காரணம்? இது நம்ம ஊர். ஆற்றைக் கடக்க சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டு 1843இல் பாலம் கட்டிக் கொடுத்த ஊர். ஏழை போனாலும் பணக்காரன் போனாலும் அதே பாலம்.

குற்றாலத்தில் தமிழ் ரசிகர் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் ராஜாஜி வந்து தங்கவில்லையா, கல்கி வந்து தங்கவில்லையா? சீசனில் அந்த வீடே ஒரு ஹோட்டல் மாதிரிதான், பில் மட்டும் வராது. வாத்தியார் பட்டியலில் அதைப் போடுங்கள்.

சிந்துபூந்துறைக்காரி | 4.32

ராஜாஜிக்குத் திறந்த கதவு பருத்தி வண்டிக்காரருக்கும் திறந்ததா என்று தெரிந்தால் போடலாம்.

பாளை வாத்தியார் | 5.15

நான் போட்டது ஒரு பயணத் திட்டம். இது எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் நல்லதாப் போச்சு.

எனக்கும் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஒரு கல்யாண வரவேற்புக்காகச் சென்னையில் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் போனேன். வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் நின்ற காவலாளி என்னை ஒதுக்கி நிறுத்தி, "டிரைவர்கள் அந்தப் பக்கம்" என்றார். பத்திரிகையைக் காட்டிய பிறகுதான் விட்டார். அதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், அவர் நம்ம பக்கத்து ஆள். பேச்சிலேயே தெரிந்தது. 2014இல் வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாதென்று தமிழகச் சட்டமன்றம் சட்டமே கொண்டுவந்தபோது அவரைத்தான் நினைத்தேன். வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்தால் அவரும் வேட்டிதான் கட்டியிருப்பார்.

ஆக, சிந்துபூந்துறை அம்மா சொல்கிற மாதிரி காசை வைத்ததும் மேஜை கிடைத்துவிடாது. சந்நிதித் தெரு சொல்கிற மாதிரி சத்திரம் எல்லோரையும் அணைத்துக்கொண்டதும் இல்லை. எனக்கு இன்னும் ஹோட்டல்தான். பாடம் எடுத்தே பழகியவனுக்கு ஒரு கட்டிடத்தில் படுத்துப் பார்க்க ஆசை.

ஜங்ஷன் லாட்ஜ் | 6.00

படுங்க சார், அதற்குத்தானே கட்டிலை விற்கிறோம். கிரேட் ஈஸ்டர்ன் பற்றி ஒரு சொல். எழுபதுகளில் மேற்கு வங்க அரசு எடுத்து நடத்தி, 2005இல் தனியாருக்கு விற்றது. புதுப்பித்துத் திறக்க 2013 ஆனது. பேர் பழசு, அறைகள் புதுசு. அதற்காக ஹவுரா வரை ரயிலில் இரண்டு ராத்திரி போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

உண்மையில் நம்ம ஆட்களின் ஹோட்டல் வரலாறு பார்க்க வேண்டுமென்றால் உட்லண்ட்ஸ். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையல்கட்டில் எடுபிடியாக இருந்த கிருஷ்ண ராவ், ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் மாளிகையை எடுத்து ஹோட்டல் ஆக்கினார். ராஜா வீட்டில் சமையல்காரர் முதலாளி! அவர்களுடைய டிரைவ்-இன் 1962இல் தொடங்கி 2008இல் மூடியது. அந்த இடம்தான் இன்றைய செம்மொழிப் பூங்கா. காரிலேயே உட்கார்ந்து தோசை தின்றவர்கள் இன்னும் அழுகிறார்கள்.

தாராவித் தம்பி | 7.25

சார், மும்பைக்கு வந்தால் சொல்லுங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். தாஜில் ஒரு காப்பி குடிக்கலாம். எனக்கும் முதல் தடவைதான். சந்நிதித் தெரு மாமா கேட்டாரே, எது காரணம் என்று. காசு மட்டும் இல்லை மாமா. கூச்சம்.

பாளை வாத்தியார் | இரவு 9.10

முடிவு பண்ணியாச்சு. கன்னிமாராவில் ஒரு ராத்திரி, மும்பையில் இரண்டு நாள். தங்குவது தாஜுக்கு வெளியே, காப்பி உள்ளே, தம்பியோடு. வாட்சனை ரோட்டிலிருந்து பார்ப்பது. கல்கத்தாவும் டெல்லியும் அடுத்த கல்யாண நாளுக்கு.

கன்னிமாரா பிரபுவின் கதையை வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவர் மனைவி, கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசியின் மகள். புருஷனோடு சண்டை போட்டுக் கவர்னர் மாளிகையை விட்டு வந்து அந்த ஹோட்டலில்தான் தங்கினார் என்று சொல்வார்கள், 1890இல் விவாகரத்தும் ஆனது. "நாப்பதாவது கல்யாண நாளைக்குப் போக வேற எடமே கெடைக்கலியா?" என்று கேட்டாள். அப்புறம் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். தங்குவது அங்கே, சாப்பாடு மட்டும் நம்மோடது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு வருவாளாம்.

ஜங்ஷன் லாட்ஜ் | 9.14

சார், பொட்டலத்தை ரிசப்ஷனில் வைத்துப் பிரித்துவிடாதீர்கள். நல்லெண்ணெய் வாசனைக்கு எந்தச் சட்டத்திலும் பாதுகாப்பு கிடையாது.

சந்நிதித் தெரு | 9.20

பன்னிரண்டு மணிக்குப் பிரியுங்கள் அண்ணாச்சி. காவலாளி யாராவது சாப்பிடாமல் இருப்பார்.