சிங்கப்பூரில் எழுதிய பவர் பத்திரத்தைச் சென்னையில் ஏற்க மறுக்கிறார்கள், என்ன செய்வது?

ஈசூன்வாசி:
வணக்கம். தாம்பரம் பக்கத்தில் என் பெயரில் ஒரு மனை இருக்கிறது. விற்பதற்கு நேரில் போக விடுப்புக் கிடைக்கவில்லை, அதனால் தம்பிக்குப் பவர் கொடுத்தேன். இங்கே நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, அப்போஸ்டில் சான்றிதழும் (நோட்டரியின் கையெழுத்தை வெளிநாடுகளும் ஏற்பதற்கான சான்று) இணைத்துக் கூரியரில் அனுப்பினேன். சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒருவர் தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரைத்தாள் எங்கே? வெள்ளைத்தாளில் எழுதினால் எப்படி?" என்றாராம். அடுத்த மேசைக்காரர் தூதரக முத்திரை இல்லை என்றாராம். முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டுமா? நோட்டரிக்குக் கொடுத்த பணமே இன்னும் கசக்கிறது.

தேக்கா அக்கா:
தம்பி, பேசாமல் கிரேஞ்ச் சாலை இந்தியத் தூதரகத்தில் செய்துவிடுங்கள். 2018-இல் நான் அங்கேதான் செய்தேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
அக்கா செய்ததும் சரியான வழிதான். ஆனால் தம்பியின் பத்திரத்திலும் குறை இல்லை, திரும்ப எழுத வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர் கொடுக்கும் பவருக்கு நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் சான்றளித்தால் போதும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. சிங்கப்பூரில் அது 2021 செப்டம்பர் 16-இல் நடப்புக்கு வந்தது. ஆகவே தூதரக முத்திரை தேவையில்லை.

முத்திரைத்தாள் கேள்வி மட்டும் நியாயமானது. அதற்கு 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டிக்கொள்ளலாம். அதைச் செய்வது மாவட்டப் பதிவாளர் அலுவலகம். 'அட்ஜுடிகேஷன்', அதாவது கட்ட வேண்டிய தீர்வையை முடிவுசெய்வது, என்று கேட்டால் அங்கே உடனே புரிந்துகொள்வார்கள். முதலில் போன இடத்திலேயே இதைச் சொல்லி அனுப்பியிருந்தால் உங்கள் தம்பிக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மூன்று மாதக் கணக்கு நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, பத்திரம் அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. அதற்குச் சாட்சி கூரியர் உறைதான். தம்பி அதைத் தூக்கி எறிந்துவிட்டாரா?

ஈசூன்வாசி:
நல்லவேளை, உறை இருக்கிறதாம் ஐயா. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் மாமா ஒருவர், சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால்தான் நடக்கும் என்கிறார்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சைதாப்பேட்டைக்கும் போக வேண்டாம், பாரிமுனை உயர் நீதிமன்றத்துக்கும் போக வேண்டாம். இது முழுக்கப் பதிவுத்துறை வேலை. எந்தப் பதிவு மாவட்டம் என்பதை மட்டும் அந்தத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையைச் சுற்றி எல்லைகளை மாற்றியிருக்கிறார்கள், பழைய பத்திரத்தில் இருக்கும் பெயரை நம்பிப் போகாதீர்கள். வில்லங்கச் சான்றையும் அதே தளத்தில் இங்கிருந்தே பார்க்கலாம்.

ஜூரோங் கணக்காளர்:
நடுவில் நுழைகிறேன். நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதை வாங்குபவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளூர்க்காரர் விற்கும்போது பிடிக்கும் 1 விழுக்காட்டு வரி உங்களுக்குப் பொருந்தாது, கூடுதலாகப் பிடித்தாக வேண்டும். பதிவு நாளன்று இது தெரியவந்தால் விலைப்பேச்சே மாறிவிடும்.

தேக்கா அக்கா:
இன்னொன்று. விற்பனைப் பத்திரம் பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் சான்று கேட்பார்கள். அதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பழையது என்று தள்ளிவிடுவார்கள்.

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அசல், உறை, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தம்பி வெள்ளிக்கிழமை போகிறான்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
அன்று முகூர்த்த நாளா என்று நாள்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஊர்களில் சார் பதிவாளர், மாவட்டப் பதிவாளர் இருவரின் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருக்கும். முகூர்த்த நாளில் கிரையம் பதிய வரும் கூட்டத்தில் இவர் மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். முகூர்த்தம் என்றால் திங்கட்கிழமை போகட்டும்.